செட்டிநாட்டில் ஊர்க்காரியத்துக்குக் கொடை திரட்டுவது எப்படி

‘தாங்கள் தாராளமாக நன்கொடை வழங்கி…’ என்று தொடங்கும் நோட்டீஸை நம்பிச் செட்டிநாட்டில் வேலை தொடங்க முடியாது. கொடுக்க மனமில்லாத ஊர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ராயவரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ கொடுத்ததில் எழுந்த கோயிலோ பள்ளியோ ஊருணியோ கண்ணில் படும். ஆனால் கொடுப்பதற்கு இங்கே ஒரு முறை உண்டு. என் பங்கு எவ்வளவு, எந்த நாளுக்கு, எந்தப் பொருளுக்கு, யார் பேரில், பட்டியலில் எனக்கு முன்னால் யார்? இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தால் கை தானாக நீளும். ‘தாராளமாக’ என்ற சொல் இவற்றில் ஒன்றுக்கும் விடை சொல்வதில்லை.

ஊருணி தூர்வாருதல், அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை, நூலகக் கூரை, அன்னதானக் கட்டளை (வைப்புநிதி வட்டியில் ஆண்டுதோறும் நடத்துவது) என்று 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை ஆகும் வேலைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கும்பாபிஷேகக் கணக்கு வேறு. அதற்குத் திருப்பணிக் குழுவும் ஸ்தபதியும் கோயில் நிர்வாகமும் வகுத்த பாதை இருக்கிறது.

யார் எதற்காகக் கொடுக்கிறார்கள்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில் அடிப்படை அலகு புள்ளி. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. நகரக் கோயில் (ஊர் நகரத்தாரின் பொதுக் கோயில்) கணக்கில் புள்ளி வரி கட்டுகிறவர் ஊருக்கு உரியவர். வரி நிலுவை என்றால் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு ஏறும். ஆகவே புள்ளி வரியை நன்கொடை என்று அழைக்காதீர்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கோடீசுவரருக்கும் பென்ஷன்காரருக்கும் ஒரே தொகை என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. ‘வசதியுள்ளவர்கள் கூடுதலாகத் தரலாம்’ என்று அதே தாளில் ஒரு வரி சேர்த்துவிட்டால் வரியும் கெட்டுப்போகும், கொடையும் கெட்டுப்போகும்.

ஒரு பெரிய வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதாரர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தனிப் புள்ளி. காவல்காரரிடம் கொடுத்த தாள் பட்டாலையிலேயே கிடக்கும். சென்னை, கோவை, பெங்களூர் நகரத்தார் சங்கங்கள் உறுப்பினர் விவரம் வைத்திருக்கும். உங்கள் ஊர்க் கோயில் புள்ளிக் கணக்கோடு அதை ஒப்பிட்டு, ஒரு புள்ளிக்கு ஒரு வரிசை என்று புதிதாக நோட்டு எழுதுங்கள். வேலையின் முதல் இரண்டு வாரத்தை இதற்கே கொடுத்தாலும் தகும்.

கல்யாணமாகிப் போன பெண்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அவர்கள் புள்ளி கணவர் ஊரில். ஆனால் பிறந்த ஊர் ஊருணிக்கும் பள்ளிக்கும் கொடுக்க முதலில் முன்வருபவர்களும் அவர்கள்தான். வரிப் பட்டியலில் இடமில்லை என்பதற்காக விட்டுவிட்டால் ஒரு பெரிய ஊற்றை மூடியதாகும். உபயப் பட்டியலை (ஒரு பொருளின் செலவை ஒருவர் தம் பேரில் ஏற்பது உபயம்) அவர்களுக்குத் திறந்துவிடுங்கள்; கல்லில் ‘இன்னார் மகள்’ என்று பெயர் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சீதனமும் சிறுவாடும் ஆச்சிமார் கையில் தனியாக இருந்து பழகிய சமூகம் இது. வீட்டுக்குப் போனால் செட்டியாரிடம் மட்டும் பேசிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அன்னதானமா, பெண்பிள்ளைகளின் படிப்பா என்றால் முடிவு உள்ளே இருந்துதான் வரும்.

உபயம் கொடுப்பவரின் மனம் இன்னொரு வழியில் ஓடும். அப்பச்சி (அப்பா) திதி, அறுபதுக்கு அறுபது சாந்தி, பீமரத சாந்தி, சதாபிஷேகம், பேரன் பிறந்தது, நேர்ந்துகொண்டது என்று ஒரு நாளும் ஒரு பேரும் அதோடு ஒட்டியிருக்கும். எனவே ஊரில் அடுத்த 12 மாதத்தில் யாருக்கு அறுபது, எழுபது, எண்பது நிறைகிறது என்று ஒரு பட்டியல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாந்திக் கல்யாணச் செலவில் ஒரு பகுதியை ஊருக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்க, மண்டபம் பேசுவதற்கு முன்பே போய்விட வேண்டும். பத்திரிகை அடித்த பிறகு போனால் ‘பட்ஜெட் முடிஞ்சுபோச்சுண்ணே’ என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

வியாபாரிகளிடம் மகமை. லாபத்திலோ விற்றுமுதலிலோ சிறு பங்கைத் தருமத்துக்கென்று கணக்கிலேயே ஒதுக்கும் வழக்கம் பழையது, பர்மா, மலேயா காலத்துப் பெட்டியடிகளிலும் (வட்டிக்கடைகளிலும்) இருந்தது. பேரேட்டில் மகமைக்குத் தனிப் பற்று வரவு இருக்கும். இதன் சூட்சுமம் எளிது. மகமைப் பணம் அவர் மனதிலிருந்து ஏற்கெனவே போய்விட்ட பணம். ‘கொடுங்கள்’ என்று அவரை இணங்க வைக்க வேண்டியதில்லை, எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். இன்றைய கடைகளில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தருமத்துக்கு ஒரு தொகை எடுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். மார்ச் இரண்டாம் வாரம் அவர்களைப் பார்க்கலாம். கடைசி வாரம் போனால் ஜிஎஸ்டி, ஆடிட்டர் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள்.

செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டும் என்று நினைத்துத் திட்டம் போடுபவர்கள் பாதி ஊரை விட்டுவிடுகிறார்கள். நாட்டார் (இந்தப் பக்கத்து வேளாண் சமூகத்தார்) ஊர்களில் புள்ளியின் இடத்தில் தலைக்கட்டு, அதாவது ஒரு குடும்பம். தலைக்கட்டு வரியை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்தால்தான் செல்லும், வீடு வீடாகப் போய்த் தொகை சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. அங்கே பெரும்பணம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பையன்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வரும். சம்பளம் வந்த முதல் வாரத்தில் கேளுங்கள், சிறு தொகையாகக் கேளுங்கள், வேலை நடக்கும் படத்தை அன்றன்றே போடுங்கள். அவர்களுக்குக் கல்வெட்டைவிட அந்தப் படம் பெரிது.

முஸ்லிம் குடும்பங்களிடம் ஜகாத் பணத்தை ஊருணிக்கோ கட்டடத்துக்கோ கேட்காதீர்கள். சேமிப்பில் 2.5 சதவீதம் என்று கணக்கிட்டு எடுக்கும் அந்தப் பணம் யாருக்குப் போகலாம் என்பதற்கு வரையறை இருக்கிறது. ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவு என்றால் ஜமாஅத்தில் கேட்டு ரமலானுக்கு முன் பேசலாம். தண்ணீர் வேலைக்குக் கேட்க வேண்டியது சதகா, அதாவது மனம்போல் தரும் தருமம். நிலைத்து நின்று நன்மை தரும் கொடையாகத் தண்ணீரைக் கருதுவதால் மனமுவந்து தருவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்குத்தந்தை மூலமாகப் போவதும், தேவகோட்டை தே பிரிட்டோ போன்ற பள்ளிகளின் பழைய மாணவர்களைத் தேடிப் பிடிப்பதும் நேர் வழி. பள்ளி வேலைக்குப் பழைய மாணவர் சாதி மதம் பார்ப்பதில்லை, எந்த வருடம் பத்தாவது எழுதினோம் என்றுதான் பார்க்கிறார்.

ஒரு விஷயத்தில் மழுப்பக் கூடாது. ஆதிதிராவிடர் தெருவில் வரி வாங்காமல் விடுவதைச் ‘சலுகை’ என்று சொல்லிக்கொள்ளும் ஊர்கள் இருக்கின்றன. வரி வாங்காத இடத்தில் உரிமையும் இல்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த இலக்கணம். தேவகோட்டைப் பக்கம் கண்டதேவிக் கோயில் தேர் வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை போனதை மறந்துவிட முடியாது. பொது ஊருணிக்கோ பள்ளிக்கோ பணம் திரட்டினால் எல்லாத் தெருவிலும் ஒரே தொகை, ஒரே ரசீது, ஒரே பட்டியல். இதற்குக் குழு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பது மேல்.

வேலையைப் பங்காக உடைப்பது

8 லட்சம் ரூபாய் ஊருணி வேலை ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 120 புள்ளி, 210 தலைக்கட்டு உள்ள ஊர்.

புள்ளி வரி 1,500 வீதம் 1,80,000 ரூபாய்.
தலைக்கட்டு வரி 500 வீதம் 1,05,000 ரூபாய்.
படித்துறை நான்கு, ஒன்று 75,000 வீதம் 3,00,000 ரூபாய்.
கரையில் கல் பெஞ்சு பத்து, ஒன்று 8,000 வீதம் 80,000 ரூபாய்.
ஜேசிபி 90 மணி நேரம், மணிக்கு 1,500 வீதம் 1,35,000 ரூபாய்.

கூட்டினால் 8 லட்சம். இதில் உள்ள தந்திரம் கடைசி மூன்று வரிகளில் இருக்கிறது. படித்துறை பெரிய கைக்கு, பெஞ்சு நடுத்தரக் கைக்கு. ஒரு மணி நேர ஜேசிபி கல்லூரிப் பையனுக்கும் கட்டுப்படியாகும். ‘என் காசுல ஒரு மணி நேரம் தோண்டினாங்க’ என்று சொல்லிக்கொள்ள அவனுக்கும் ஒன்று கிடைக்கும்.

இனி யாரும் உபயம் எடுக்காத செலவுகள். மண்ணை அப்புறப்படுத்தும் டிராக்டர் வாடகை, வரத்துக்கால் சுத்தம், கருவேலம் வேரறுப்பு, அளவீடு, ரசீது அச்சு, ஆடிட்டர், மழை வந்து வேலை நின்றால் ஆகும் வீண்செலவு. இவற்றுக்குக் கல்வெட்டு கிடையாது, அதனால் கொடையாளியும் கிடையாது. மேலே சொன்ன 2,85,000 ரூபாய் வரிப்பணத்தை இதற்கென்றே பூட்டிவையுங்கள். பல ஊர்களில் படித்துறை பளபளவென்று நிற்க வரத்துக்கால் அடைத்துக்கொண்டு தண்ணீரே வராமல் போவதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு முதலில் பணம் வந்துவிட்டது, குழு அதைத் தொடங்கிவிட்டது, மீதிக்கு ஆளில்லை.

கேட்கத் தொடங்கும் முன்னே காகிதம் சரியாக இருக்க வேண்டும். ஊருணி ஊராட்சிப் பொறுப்பில் இருந்தால் ஊராட்சித் தீர்மானம், வண்டல் மண்ணை வெளியே எடுக்க வட்டாட்சியர் அனுமதி. அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கைக் கட்டினால் அரசுப் பங்கு சேரும். உங்கள் வேலைக்கு என்ன விகிதம் என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதன் பிறகு 8 லட்சத்தைப் பிரியுங்கள். அறநிலையத் துறைக் கோயிலில் உபயதாரர் வேலை என்றால் துறையின் அனுமதியும் மதிப்பீடும் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது. ரசீதும் கோயில் ரசீதாகவே இருக்க வேண்டும்.

முதல் வரி

பட்டியலின் முதல் வரியில் எழுதப்படும் தொகைதான் மொத்த வசூலையும் தீர்மானிக்கிறது. ஊரில் முதலிடத்தில் இருப்பவர் 5,001 எழுதினால் அடுத்தவர் அதற்கு மேல் எழுதுவது மரியாதைக் குறைவு என்று 3,001 எழுதுவார், மூன்றாமவர் 1,001. அதன் பிறகு நோட்டு மேலே ஏறாது. ஆகவே அந்த முதலாமவரிடம் நோட்டை நீட்டுவதற்கு முன்னால் தனியாகப் போய்ப் பேசிவிடுங்கள். அவர் பெரிய தொகை தர முடியாத நிலையில் இருந்தால் (வெளியே தெரியாது, ஆனால் இருக்கும்) அவர் பெயரைத் தலைமை என்று மேலே போட்டுவிட்டு, தொகைப் பட்டியலைக் கரைவாரியாக, பொருள்வாரியாக எழுதுங்கள். மரியாதையும் தொகையும் வேறு வேறு பத்தியில் நிற்கட்டும்.

பங்காளிகளுக்குள் போட்டி இருக்கும் ஊரில் அதை உசுப்பிவிட்டுப் பணம் திரட்டச் சொல்பவர்கள் உண்டு. ஒரு முறை வரும், அடுத்த முறை இரண்டு வீடும் கதவைச் சாத்தும். நான்கு படித்துறைக்கும் ஒரே தொகை, ஒரே அளவுக் கல், யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்த்துவிடுவது நல்லது.

பொது இடத்தில் கேட்பதற்கும் ஒரு காலம் உண்டு. 1947-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ஒரு கூட்டத்தில் கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டபோது, கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அந்த இடத்திலேயே காரைக்குடிக்கு ஒரு கல்லூரி என்று அறிவித்து, அதே ஆண்டில் தொடங்கியும் காட்டினார். அடுத்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். கேட்டவர் ‘கல்விக்கு உதவுங்கள்’ என்று நிறுத்தவில்லை, கல்லூரி வேண்டும் என்று பொருளைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். மேடையில் கேட்பதானால் பெயர் சொல்லக்கூடிய ஒரே பொருளைக் கேளுங்கள், ஏற்கெனவே மனம் இசைந்த ஒருவராவது சபையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு கேளுங்கள்.

வீட்டுக்குப் போவது

இரண்டு பேர் அல்லது மூன்று பேர் போங்கள். ஒருவர் அந்த வீட்டுக்குப் பங்காளியோ அதே கோயில் பிரிவோ (நகரத்தாரின் குலப்பிரிவு) ஆக இருக்க வேண்டும். இன்னொருவர் கணக்குச் சொல்லத் தெரிந்தவர். ராகு காலம் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் பார்க்காவிட்டாலும் அவர்கள் பார்ப்பார்கள். துக்கம் நடந்த வீட்டுக்குக் கருமாதி முடியும்வரை போகாதீர்கள். கையில் நகரச் சிவன் கோயில் விபூதிப் பிரசாதமும் ஒரே ஒரு தாளும்: ஒரு பக்கம் செலவுக் கணக்கு, மறுபக்கம் உபயப் பட்டியல். ஏற்கெனவே எடுக்கப்பட்டவற்றில் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

பேச்சு இப்படி இருந்தால் போதும்: “ஆச்சி, கீழக்கரைப் படித்துறை ஒண்ணு பாக்கி இருக்கு. எழுவத்தஞ்சாயிரம் ஆகுது. ஐயா இருந்தப்ப அந்தக் கரையிலதான் உக்காருவாக. அவுக பேருல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. வர்ற வெள்ளிக்கெழம வந்து கேட்டுக்கிறோம்.” அன்றைக்கே பதில் வாங்கப் பார்க்கக் கூடாது. சென்னையில் இருக்கும் மகனிடமும் சிங்கப்பூரில் இருக்கும் மருமகனிடமும் பேச அவர்களுக்கு நாள் வேண்டும். ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் ஒரு முறை திரும்பப் போங்கள். ‘அவுகள்ட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பது இரண்டாவது முறையும் வந்தால் அது இல்லை என்பதற்கான மரியாதையான வடிவம். விட்டுவிடுங்கள், தொந்தரவு செய்தால் அடுத்த வேலைக்கும் வாசல் அடைபடும்.

எப்போது? ஊர்க்காரர்கள் ஊரில் இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். பிள்ளையார் நோன்பு, பொங்கல், பழனிப் பாதயாத்திரை புறப்படும் சமயம், மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வரும்போது, படைப்பு (வீட்டு முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கோடை விடுமுறை. படைப்பு வீட்டில் பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே வளவில் இருப்பார்கள். படைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசினால் பத்து வீடு ஏறி இறங்கும் வேலை மிச்சம். முகூர்த்த வீட்டில் மட்டும் கேட்காதீர்கள்.

ரசீது, பெயர், விலாசம்

ரசீதில் தொகை தவறினால் திருத்திக்கொள்ளலாம். விலாசம் தவறினால் மன்னிப்புக் கேட்டாலும் ஆறாது. விலாசம் என்றால் இங்கே முகவரி அல்ல, நகரத்தார் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள், அவை குடும்பத்தின் அடையாளம். நான்கு எழுத்து உள்ள வீட்டில் இரண்டை விட்டுவிட்டு அச்சடித்தால் அது வேறு வீடு. ‘சித.’ என்பதும் ‘சி.த.’ என்பதும் ஒன்றல்ல. பிள்ளை கூட்டப்பட்டவருக்கு (தத்துப் போனவருக்கு) கூட்டிக்கொண்ட வீட்டு விலாசம் வரும், பிறந்த வீட்டு விலாசத்தைப் போட்டால் பெரிய மனத்தாங்கலில் முடியும். எனவே ரசீது புத்தகத்தின் அடிக்கட்டையில் பெயரை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கல்வெட்டுக்கு முன் அச்சுப்படியை அனுப்பி ‘சரி’ என்று ஒரு பதில் வாங்குங்கள். கல் கொத்துகிறவருக்குக் கைப்பிரதி கொடுக்காதீர்கள். தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில், ஒவ்வொரு புள்ளியும் தெரியும்படி கொடுங்கள். கல்லின் அளவை முன்பே அறிவித்துவிடுவதும் நல்லது. டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைத்த பழைய கேலி இன்னும் வாழ்கிறது.

பெயர் வேண்டாம் என்பவர்களும் உண்டு. கல்லில் ‘அன்பர் ஒருவர்’ என்று போடலாம், ஆனால் உங்கள் நோட்டில் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். பெயர் முகவரி இல்லாத கொடை ஒரு வரம்புக்கு மேல் போனால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீத வரி கட்ட நேரிடும். முழுக்கச் சமய நோக்கமுள்ள அமைப்புகளுக்கு மட்டும் விலக்கு.

பணம் வாங்கும் கணக்கு அறக்கட்டளை பெயரில் இருக்கட்டும். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைப் போடாதீர்கள், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் ஊருணிக் குழுவின் பெயர் வர வேண்டும். ஆள் பெயர் வந்தால் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ரொக்கம் வாங்கினால் அன்று மாலையே வங்கியில் கட்டுங்கள். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்குச் சட்டப்படி தடை, மீறினால் அபராதம். பிரித்து வாங்கினாலும் தப்பாது.

80ஜி (கொடை தந்தவருக்கு வருமான வரிச் சட்டம் தரும் கழிவு) வரிச்சலுகை பற்றி வீட்டுக்கு வீடு தவறான நம்பிக்கை உலவுகிறது. உங்கள் அமைப்புக்கு அந்தப் பதிவு இருந்தால் கொடையில் பாதி வருமானத்திலிருந்து கழியும், அதுவும் வரம்புக்கு உட்பட்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் கிடையாது. சம்பளக்காரர்களில் பலர் இன்று அந்த முறையில்தான் இருக்கிறார்கள், ஆகவே சலுகையைக் காட்டிக் கேட்பது வீண். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தினருக்கோ மட்டும் என்று பத்திரத்தில் எழுதிய அறக்கட்டளைக்கு 80ஜி கிடைக்காது. ஊருணிக்கும் பள்ளிக்கும் பதிவு செய்யும்போது ‘ஊர்ப் பொதுமக்கள் அனைவருக்கும்’ என்று எழுதச் சொல்வது இதற்கும்தான். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து சான்றிதழ் வழங்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். இதற்குப் பான் எண் தேவை, பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மே மாதம் போன் போட்டுப் பான் எண் கேட்டால் எவரும் எடுக்கமாட்டார்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன. ரசீது அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பணம்

கடல் கடந்து போன சமூகத்திடம் கேட்கும்போது இந்த இடத்தில்தான் பெரிய வழுக்கல். சிங்கப்பூரில் இருக்கிறார் என்பது கேள்வி அல்ல, எந்த பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுக் கொடை ஆகாது, உங்கள் சாதாரணக் கணக்கில் வாங்கலாம். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் தரும் 500 ரூபாய்க்கும் எப்சிஆர்ஏ (வெளிநாட்டுக் கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அதற்குள் 15 லட்சம் செலவு செய்து காட்டியிருக்க வேண்டும், பணம் புதுடில்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். ஊருணிக் குழுவுக்கு இது ஒத்துவராத காரியம்.

‘அண்ணன் கணக்குக்கு அனுப்புறேன், அவர் பேர்ல கட்டிருங்க’ என்று சொல்வார்கள். சட்டத்தைச் சுற்றிப்போகும் அந்த ஏற்பாட்டுக்கு உடன்படாதீர்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது அறக்கட்டளைதான். அதனால் நோட்டில் வெளிநாட்டு முகவரி வரும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பாஸ்போர்ட் என்ற ஒரு பத்தி போடுங்கள். பழைய தலைமுறையில் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்தவர்கள் ஊர் திரும்பும் மனிதர்கள், பணம் தானே வந்து சேர்ந்தது. இன்றைய பேரப்பிள்ளைகளின் பணத்துக்குக் குடியுரிமைதான் வாசற்படி. அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் தன் கம்பெனி இணைக்கொடை (ஊழியர் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனியும் கொடுப்பது) தரும் என்று சொன்னால், அந்தக் கம்பெனி பெரும்பாலும் அங்கே பதிவான தரும அமைப்புக்குத்தான் தரும். அங்கிருந்து இங்கே வந்தாலும் அது வெளிநாட்டுக் கொடைதான்.

கட்டளையில் கணக்குப் பிசகுவது

அன்னதானக் கட்டளைக்கு ஒரு லட்சம் வாங்கி வைப்புநிதியில் போட்டு ‘ஆண்டுதோறும் அப்பச்சி திதிக்கு 100 பேருக்குச் சாப்பாடு’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 7,000. ஓர் இலைக்கு 70 ரூபாய். இன்றைக்குச் சாம்பார், ரசம், ஒரு பொரியலோடு தட்டிமுட்டிச் சமாளிக்கலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அதே இலை 140 ரூபாய், வட்டியோ அதே 7,000. அப்போது 50 பேருக்குப் போடுவார்கள், பிறகு 25, பிறகு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல். பழைய கோயில் கட்டளைகள் பல நசிந்ததற்குப் பணத்தைத் திருடியவர்களைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறோம். 1813-ல் தொடங்கிய காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இன்றைக்கும் விசுவநாதருக்குத் தினசரி சம்போ (பூசைப் பொருள்களின் ஊர்வலம்) எடுத்துப் போகிறது என்றால், பின்னால் சொத்தும் அதை விடாமல் பார்க்கும் நிர்வாகமும் இருந்தன.

ஆகவே கட்டளைப் பத்திரத்தில் ஆள் கணக்கை எழுதாதீர்கள். ‘வட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு அமையும் அளவு அன்னதானம், மீதி அசலோடு சேர்க்கப்படும்’ என்று எழுதுங்கள். அதுவும் விலைவாசியை முழுக்கத் துரத்திப் பிடிக்காது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை குடும்பத்தாருக்குக் கணக்கு அனுப்பி அசலைக் கூட்டலாமா என்று கேட்கும் ஒரு பிரிவும் சேர வேண்டும். இது நிரந்தர நிதிக்கு என்று கொடையாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது அந்த ஆண்டு வருமானமாகிவிடும்.

கணக்குக் காட்டுவது

ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) போட்டுப் பழகிய ஊரில் மூன்று வரிக் கணக்கு எடுபடாது. வரவு ஒவ்வொன்றும் ரசீது எண்ணோடு, செலவு ஒவ்வொன்றும் பில் எண்ணோடு, கடைசியில் வங்கி இருப்பு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கோயில் பலகையில் ஒட்டுங்கள், பிடிஎப்பாக எல்லாருக்கும் அனுப்புங்கள். ஜேசிபி 90 மணி நேரம் பேசி 104 ஆகியிருந்தால் 104 என்றே எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள்: பாறை வந்தது, பக்கெட் மாற்றினோம், இரண்டு நாள் மழை. கூடுதல் செலவைக் கண்டு எவரும் கோபப்படுவதில்லை. தொகை உருண்டையாக முடிந்தால்தான் சந்தேகம் வரும்.

ஒப்புக்கொண்டு கட்டாதவர் பட்டியலைப் பலகையில் ஒட்டாதீர்கள். நோட்டில் இருக்கட்டும். கைக்கு வந்த பணம் மதிப்பீட்டில் பாதியைத் தாண்டும்வரை வேலை தொடங்காமல் இருந்தால் நிலுவை உங்களைக் கடிக்காது. ஒப்புக்கொண்டவர் இடையில் காலமாகிவிட்டால் ஓராண்டுத் திதி முடிந்த பிறகு பிள்ளைகளிடம் ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அநேகமாக அப்பச்சி பேரில் முழுதாகக் கட்டுவார்கள். அந்தப் படித்துறையை அதற்குள் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் மிஞ்சினால் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டு அந்த ஊருணியின் பராமரிப்புக்கே வையுங்கள், ஆண்டுக்கு இரு முறை வரத்துக்கால் வெட்ட ஆகும். அதைக் கோயில் கணக்குக்கோ பள்ளிக் கணக்குக்கோ மாற்றுவதானால் உபயதாரர்களின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.